மோட்டார்ப் பந்தயமும் விதிப்புத்தகமும்

மோட்டார்ப் பந்தயம் என்றவுடன் நம்மவர் மனக்கண்முன் எழும் காட்சி பெரும்பாலும் ஒன்றே. கோடிக்கணக்கில் விலைபெறும் வண்டிகள், அவற்றைச் சூழ்ந்து நிற்கும் எந்திர வல்லுநர்கள், மாடத்தில் அமர்ந்து கைதட்டும் சீமான்கள். சம்பளத் தேதியை எண்ணிக் காத்திருக்கும் நம்போன்ற குடும்பங்களுக்கும் இதற்கும் என்ன உறவு என்று வாசகர்கள் கேட்கக்கூடும். உறவு உண்டு என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

அமெரிக்க நாட்டில் இதனின் வேறான ஒரு பந்தயம் நடைபெறுகிறது. வாரநாட்களில் பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் சென்றுவந்த அதே காரை, ஞாயிற்றுக்கிழமை காலையில் அதன் சொந்தக்காரரே ஓட்டிக்கொண்டு வருகிறார். உள்ளேயிருக்கும் குடை, கைப்பெட்டி, குழந்தையின் இருக்கை ஆகியவற்றை இறக்கி ஓரமாக வைக்கிறார். பழைய விமானத்தளம் ஒன்றிலோ, கார் நிறுத்தும் பெரிய திடல் ஒன்றிலோ கூம்புகளை வரிசையாக வைத்து, வளைந்து நெளிந்த பாதை ஒன்றை அமைத்திருப்பார்கள். அதில் ஒவ்வொருவராக ஓட்ட வேண்டும். பக்கத்தில் உரசிச் செல்லும் வண்டி கிடையாது. கடிகாரம் ஒன்றே எதிரி. ஒரு கூம்பைத் தட்டிவிட்டால் கணக்கில் 2 விநாடி கூடும். ஏறத்தாழ ஒரு நிமிஷத்தில் ஓட்டம் முடிந்துவிடும். ஆட்டோகிராஸ் என்பது இதன் பொதுப்பெயர். 1944-ஆம் ஆண்டு தோன்றிய ‘ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா’ என்னும் சங்கம் இதனை ‘ஸோலோ’ என்ற பெயரில் நடத்திவருகிறது. தேசியப் போட்டி 1973-ல் தொடங்கிற்று. 2009-ல் அது நெப்ராஸ்கா மாநிலத்து லிங்கன் நகருக்கு இடம்பெயர்ந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அங்குக் கூடுகின்றனர். அவர்களுள் பந்தயத்தையே பிழைப்பாகக் கொண்டவர் மிகச் சிலரே. ஏனையோர் ஆசிரியர்கள், கணக்கர்கள், பட்டறைத் தொழிலாளர்கள், மாணவர்கள்.

இவ்விஷயம் என்னிடம் வந்து சேர்ந்த வழியையும் கூறிவிடுகிறேன். நமது சங்கத்தின் நெடுநாள் உறுப்பினர் ஒருவரின் மகன் அந்நாட்டில் வேலைபார்க்கிறான். அவனும் இப்பந்தயத்தில் ஈடுபாடு கொண்டு, பழைய மாஸ்டா மியாட்டா கார் ஒன்றை வாங்கியிருந்தான். அது இருவர் அமரும் சிறிய வண்டி. இப்பந்தயக்காரர்களிடையே பெரிதும் விரும்பப்படுவது. வாங்கிய பிறகுதான் விதிப்புத்தகத்தைத் திறந்தான். திறந்தவன் திகைத்துப்போய்த் தந்தைக்கு எழுதினான். அவரோ, “ரெயில்வேயில் விதிகளோடு மல்லாடுகிறவர் நம் தெருவிலேயே இருக்கிறாரே, அவரைக் கேள்” என்று என் தலையில் கட்டிவிட்டார். மெட்ரிக்குலேஷனோடு படிப்பை நிறுத்திய குமாஸ்தாவாகிய எனக்கு எந்திரவியல் தெரியாது. ஆயினும் ஒரு சொல்லுக்குள் எது அடங்கும், எது அடங்காது என்று பார்ப்பதே எனது அன்றாட வேலை. ஆகவே அப்புத்தகத்தை மூன்று வார இரவுகளில் படித்து முடித்தேன். வண்டியைத் தாங்கி நிற்கும் உறுப்புகளைப் பற்றிய பகுதியே அதில் மிகவும் சுவையானது; மிகுதியான சண்டைகளும் அங்கேதான் எழுகின்றன.

முதலில் அவ்வுறுப்புகள் யாவை என்று பார்ப்போம். பெரம்பூர்ப் பெட்டித் தொழிற்சாலை 1955-ல் தொடங்கியது முதல் பல்லாண்டுகள் செய்துவந்த பழைய மாதிரி ரெயில் பெட்டியின் அடிப்பாகத்தைப் பிளாட்பாரத்தின் எதிர்ப்புறத்திலிருந்து பார்த்தவர்கள், அச்சுப்பெட்டியின் இருபுறமும் தடித்த சுருள்விற்கள் நிற்பதைக் கண்டிருப்பார்கள். அந்த விற்களின் நடுவே எண்ணெய் நிரம்பிய குழாய் மறைந்திருக்கும். வில் பாரத்தைத் தாங்குகிறது. எண்ணெய் வில்லின் துள்ளலை அடக்குகிறது. வில் மட்டும் இருந்து எண்ணெய் இல்லையேல், ஒரு குலுக்கலுக்குப் பத்துக் குலுக்கலாகப் பெட்டி ஆடிக்கொண்டே இருக்கும். மோட்டார்க் காரிலும் இவ்விரண்டும் உண்டு. வில்லை ஸ்பிரிங் என்றும், எண்ணெய்க் குழாயை ஷாக் அப்சார்பர் என்றும் நம் பட்டறைகளில் வழங்குகிறோம். இவற்றோடு இன்னும் இரண்டு உண்டு. வண்டி திரும்பும்போது அதன் உடல் வெளிப்பக்கம் சாயும். அச்சாய்வைக் குறைப்பதற்காக இடச்சக்கரத்தையும் வலச்சக்கரத்தையும் முறுக்கிப் பிணைக்கும் எஃகுத் தண்டு ஒன்று இருக்கும். அது ஆன்டி ரோல் பார். அடுத்து, சக்கரத்தைத் தாங்கும் கைகள் வண்டிச் சட்டத்தோடு சேருமிடங்களில் ரப்பர் வளையங்கள் இருக்கும். அவற்றைப் புஷ் என்பார்கள். ரப்பர் கொஞ்சம் நெகிழும். அதனால் பயணம் மெத்தென்றிருக்கும். ஆனால் வேகமாகத் திரும்பும்போது சக்கரம் தன் கோணத்திலிருந்து இம்மியளவு விலகும். பந்தயக்காரருக்கு அந்த இம்மிதான் விநாடியில் பத்தில் ஒரு பங்கு.

இவற்றில் எதை மாற்றினாலும் ஓட்டம் மாறும். பின்புறத் தண்டைத் தடிப்பாக்கினால் பின்சக்கரங்களின் பிடிப்புக் குறைந்து, திரும்ப மறுக்கும் வண்டி எளிதில் திரும்பும். முன்புறத் தண்டைத் தடிப்பாக்கினால் விளைவு நேர்மாறானது. கடினமான ஸ்பிரிங் போட்டு வண்டியைத் தாழ்த்தினால் சாய்வு குறையும். எல்லாவற்றையும் மாற்ற அனுமதித்துவிட்டால், பணமுள்ளவன் எல்லாவற்றையும் மாற்றுவான். இல்லாதவன் வேடிக்கை பார்ப்பான். ஆகவே சங்கத்தார் வண்டிகளைப் பல பிரிவுகளாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் இன்னின்னதை மாற்றலாம் என்று வரையறுத்திருக்கிறார்கள். மிகக் குறைந்த மாற்றத்தை அனுமதிப்பது ‘ஸ்ட்ரீட்’ பிரிவு. 2014 வரையில் அதன் பெயர் ‘ஸ்டாக்’. அதற்கு மேற்பட்டது ‘ஸ்ட்ரீட் டூரிங்’. அதற்கு மேலும் பல படிகள் உண்டு.

இவ்விதிகளைப் படிப்பதற்கு ஒரு திறவுகோல் உண்டு. அது கைக்கு வராதவர்கள் வாழ்நாள் முழுவதும் விவாதித்துக்கொண்டே இருப்பார்கள். ‘கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது?’ என்பது அங்கே செல்லுபடியாகும் கேள்வியன்று. ‘ஆகும் என்று எங்கே எழுதியிருக்கிறது?’ என்பதே கேள்வி. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த வண்டியே தொடக்கம். அதில் எழுத்தால் அனுமதிக்கப்பட்டவை மட்டுமே மாறலாம். எழுதாமல் விட்டது எல்லாம் விலக்கப்பட்டது. நம் ரெயில்வேக் குடும்பங்களுக்கு இது புதிதன்று. பாஸ் விதிகளில் ‘குடும்பம்’ என்ற சொல்லுக்குள் யார்யார் அடங்குவர் என்று பட்டியல் உண்டு. “மனைவியின் தம்பியைச் சேர்க்கக்கூடாது என்று எங்கும் எழுதவில்லையே!” என்று ஒருவர் வாதாடினால், பாஸ் பிரிவுக் குமாஸ்தா சிரித்துவிட்டுப் பட்டியலைக் காட்டுவார். வண்டியோட்டிகளுக்கான பொது விதியிலும் இதே மனப்பான்மை உண்டு. சைகை விளக்கு அணைந்திருந்தாலும், தெளிவாகத் தெரியாவிட்டாலும், அது காட்டக்கூடியவற்றுள் மிகக் கடுமையான கட்டளையையே காட்டுவதாகக் கொள்ள வேண்டும். ஐயம் எழுந்தால் நிற்க வேண்டும்; போகலாம் என்று ஊகிக்கக் கூடாது.

இனி ‘ஸ்ட்ரீட்’ பிரிவின் விதிக்குள் நுழைவோம். ஸ்பிரிங்கை மாற்றலாகாது, அது அமர்ந்திருக்கும் தட்டின் இடமும் மாறலாகாது. புஷ் மாற்றலாகாது. ஆன்டி ரோல் பாரில் மட்டும் சிறிது தாராளம்: முன்புறத்திலோ பின்புறத்திலோ ஏதேனும் ஓரிடத்தில் மாற்றிக்கொள்ளலாம், புதிதாகச் சேர்க்கலாம், கழற்றியும்விடலாம். முன்னொரு காலத்தில் முன்புறத்துக்கு மட்டுமே இச்சலுகை இருந்தது. முன்சக்கரத்தால் இழுக்கப்படும் வண்டிகளுக்குப் பின்புறத் தண்டே பயன்படும் என்பதால் அவை வஞ்சிக்கப்பட்டு வந்தன. பின்னர் விதி திருத்தப்பட்டது. சக்கரத்தின் சாய்வுக் கோணத்தைத் தொழிற்சாலை எந்த அளவுக்குத் திருத்த வசதி வைத்திருக்கிறதோ அந்த எல்லைவரை முழுதும் பயன்படுத்திக்கொள்ளலாம். மியாட்டா காரில் அதற்கென்றே மையம் விலகிய திருகாணிகள் முன்னும் பின்னும் உண்டு. வேறு பல கார்களில் அத்தகைய வசதி அறவே இல்லை. ஒரே விதி ஒருவருக்கு வரமாகவும் இன்னொருவருக்குச் சாபமாகவும் அமைவது இவ்வாறுதான். வண்டி வாங்குமுன் விதிப்புத்தகம் வாங்கு என்று அப்பந்தயக்காரர்கள் சொல்வதில் பொருள் இல்லாமல் இல்லை.

ஷாக் அப்சார்பரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார்கள். அது தேய்ந்துபோகும் பொருள். பழைய வண்டிக்குத் தொழிற்சாலைச் சரக்கே கிடைக்காமலும் போகலாம். ஆகவே எந்தக் கம்பெனியுடையதையும் போடலாம். ஆனால் எண்ணிக்கை மாறக்கூடாது. பொருத்தும் இடம் மாறக்கூடாது. வெளியிலிருந்து திருகித் திருத்தும் வசதி இரண்டுக்கு மேல் இருக்கக்கூடாது. இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. கடையில் கிடைக்கும் நல்ல ஷாக் அப்சார்பர்களின் தண்டு, பழையதைவிடப் பருமனாக இருக்கும். வண்டியின் மேல்தாங்கியிலுள்ள துளைக்குள் அது நுழையாது. போடலாம் என்ற அனுமதி இருக்கிறது, போட முடியவில்லை. துளையைப் பெரிதாக்கலாமா? விதி இடங்கொடுக்கிறது, ஆனால் எவ்வளவு எச்சரிக்கையோடு! தண்டு நுழையத் தேவையான அளவுக்கு மட்டுமே பெரிதாக்கலாம். புதிய துளையின் மையமும் பழைய துளையின் மையமும் ஒன்றாகவே இருக்க வேண்டும். அங்குள்ள பேரிங்கைத் தொடக்கூடாது. அதனால் சக்கரத்தின் கோணம் எவ்வகையிலும் மாறக்கூடாது. ஏன் இத்தனை நிபந்தனை? துளையை ஒருபக்கமாக அரத்தால் ராவி நீளவாக்கில் ஆக்கிவிட்டால், தண்டை உட்புறம் தள்ளிச் சக்கரத்தைச் சாய்த்துவிடலாம். ஷாக் அப்சார்பருக்காகக் கொடுத்த அனுமதியைக் கோணத்துக்காகப் பயன்படுத்திக்கொள்ளும் தந்திரம் அது. விதி எழுதியவர் நம் ஊர் மணியக்காரரைப்போல் வேலியின் ஒவ்வொரு பொத்தலையும் பார்த்து வைத்திருக்கிறார்.

இதனினும் என் மனத்தைக் கவர்ந்தது ரப்பர்க் கட்டை பற்றிய விதி. ஷாக் அப்சார்பரின் தண்டில் ரப்பராலோ நுரைப்பொருளாலோ ஆன சிறு கட்டை ஒன்று கோத்திருக்கும். வண்டி பெரும்பள்ளத்தில் விழும்போது இரும்போடு இரும்பு மோதாமல் அது தடுக்கும். இது ஸ்பிரிங் அன்று. ஸ்பிரிங் என்று எவரும் அழைப்பதும் இல்லை. ஆகவே கெட்டிக்காரர் ஒருவர் நீளமான கட்டையைக் கோத்துவிட்டால் என்ன ஆகும்? வண்டி சற்றுச் சாய்ந்ததுமே அது அக்கட்டையின்மேல் உட்காரும். கட்டையே கடினமான ஸ்பிரிங்காக வேலைசெய்யும். ஸ்பிரிங்கைத் தொடாமலேயே ஸ்பிரிங்கை மாற்றியாயிற்று! விதி இதற்குச் சொல்லும் மறுமொழி, அக்கட்டை ஸ்பிரிங்கின் வேலையைச் செய்வதாகவே கருதப்படும் என்பது. எனவே கட்டையின்மேல் வண்டி முதன்முதல் உட்காரும் நிலை, தொழிற்சாலை வண்டியில் இருந்ததைவிட முந்திவரக் கூடாது. புதிய ஷாக் அப்சார்பரைப் பொருத்துவதற்காகக் கட்டையை வெட்டிக் குட்டையாக்கலாம், நீளமாக்கலாகாது. பெயரைப் பார்க்காமல் தொழிலைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் இந்த நேர்மையை நம் அலுவலக விதிகள் பலவற்றில் நான் கண்டதில்லை.

ஆனால் விதி எழுதியவரின் நல்லெண்ணம் வேறொரு பக்கத்தில் விபரீதமாக முடிந்தது. ஸ்பிரிங்கை மூடிவிட்டு ஷாக் அப்சார்பரைத் திறந்துவிட்டதால், பணம் முழுவதும் அந்த ஒரே வாயிலை நோக்கிப் பாய்ந்தது. சில ஆயிரம் டாலர் விலைபெறும் ஷாக் அப்சார்பர்களைத் தனியே செய்வித்து, பழைய வண்டியில் மாட்டிக்கொண்டு வருகிறவர்கள் தேசியப் போட்டியில் உண்டு. நல்ல ஸ்பிரிங் நான்கு வாங்கினாலும் அத்தனை செலவாகாது. வண்டியின் விலையும் அதன் நான்கு குழாய்களின் விலையும் ஏறத்தாழ ஒன்றாகிவிடும் வேடிக்கையும் நடக்கிறது. விதியை எவரும் மீறவில்லை. ஆயினும் விதி எதற்காகப் பிறந்ததோ அது நிறைவேறவில்லை. திறந்திருக்கும் வாயிலின் வழியே செலவு உள்ளே வந்தே தீரும் போலும்.

நண்பரின் மகன் கேட்ட கேள்வி புஷ் பற்றியது. அவன் வாங்கிய வண்டியின் முந்தைய சொந்தக்காரர் ரப்பர் புஷ்களை எடுத்துவிட்டு, யுரேத்தேன் என்னும் கடினமான பொருளால் ஆனவற்றை வைத்திருந்தார். வேறு எந்த மாற்றமும் இல்லை. ‘ஸ்ட்ரீட்’ பிரிவில் ஓட்டலாமா என்பது கேள்வி. “அண்ணா, வண்டியைத் தூக்கிக் கழற்றிப் பார்த்தாலன்றி யாருக்கும் தெரியாது. புஷ் தேய்ந்தால் மாற்றத்தானே வேண்டும்? அதைப் பராமரிப்பு என்று கொள்ள முடியாதா?” என்று எழுதியிருந்தான்.

கேள்வியில் இரண்டு பகுதிகள் உள்ளன. சட்டப்பகுதி எளிது. தேய்ந்ததற்குப் பதிலாகத் தொழிற்சாலைப் பொருளையே வைப்பது பராமரிப்பு. வேறு பொருளை வைப்பது மாற்றம். அம்மாற்றம் ‘ஸ்ட்ரீட்’ பட்டியலில் இல்லை. ‘ஸ்ட்ரீட் டூரிங்’ பட்டியலில் உண்டு. அங்கும் வேலியில்லாமல் இல்லை. உலோகம் அல்லாத எப்பொருளாலும் புஷ் செய்துகொள்ளலாம். ஆனால் பழைய புஷ்ஷில் எவ்வளவு உலோகம் இருந்ததோ அதைவிட அதிகமாகக் கூடாது. உருளை வடிவமானதை எடுத்துவிட்டு, கிண்ணமும் குண்டுமாகச் சுழலும் வகையை வைக்கக்கூடாது. ஆகவே அவனது வண்டி ‘ஸ்ட்ரீட் டூரிங்’ பிரிவைச் சேர்ந்தது. அதில் மற்றவர்கள் ஸ்பிரிங் முதல் சக்கரம் வரை மாற்றிக்கொண்டு வருவார்கள். இவன் கையில் புஷ் மட்டுமே இருக்கும். தோல்வி உறுதி. ‘ஸ்ட்ரீட்’ பிரிவுக்கு வரவேண்டுமானால் அத்தனை புஷ்களையும் அழுத்தி எடுத்து ரப்பரை வைக்க வேண்டும், கூலியே பெருந்தொகை.

யாருக்கும் தெரியாது என்றானே, அந்தப் பகுதிதான் கடினம். உண்மையில் அவன் சொன்னது சரி. காலையில் வண்டிகளைச் சோதிப்பவர்கள் பாதுகாப்பை மட்டுமே பார்க்கிறார்கள். சக்கரத்தின் திருகு இறுகியிருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா, உள்ளே ஏதேனும் உருண்டுகொண்டிருக்கிறதா என்பவையே அவர்கள் கவலை. எந்தப் பிரிவில் ஓட்டுவது என்பதை ஓட்டுபவரே விதியைப் படித்துத் தீர்மானித்து, வண்டியின் பக்கத்தில் எழுதி ஒட்டிக்கொள்ள வேண்டும். எவருக்கேனும் ஐயம் எழுந்தால், குறித்த நேரத்துக்குள் கட்டணம் கட்டி எழுத்துமூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். உறுப்பைக் கழற்றிப் பார்க்க வேண்டியிருந்தால் அதற்கான ஈட்டுப் பணத்தையும் ஆட்சேபித்தவர் கட்ட வேண்டும். வண்டி சரியானது என்று தெரிந்தால் கழற்றி மாட்டும் செலவு அப்பணத்திலிருந்து போகும். தவறானது என்று தெரிந்தால் செலவு வண்டிக்காரர் தலையில். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலைப் பந்தயத்தில், கோப்பைக்கு மேல் ஒன்றும் இல்லாத இடத்தில், சக ஓட்டியின் வண்டியைக் கழற்றச் சொல்லிப் பணம் கட்ட யார் முன்வருவார்? ஆகவே பெரும்பாலான நாட்களில் அந்த விதிப்புத்தகம் முழுவதும் ஓட்டுபவரின் சொந்த வாசிப்பை மட்டுமே நம்பி நிற்கிறது.

இதை அவனுக்கு எழுதினேன். உபதேசம் எதுவும் செய்யவில்லை. தூரத்திலிருக்கும் பிள்ளைகளுக்கு உபதேசம் ஏற்கெனவே மிகுதி. அவன் ‘ஸ்ட்ரீட் டூரிங்’ பிரிவிலேயே பெயர் கொடுத்தான். முதல் பருவம் முழுவதும் பட்டியலின் அடிப்பகுதியில்தான் அவன் பெயர் இருந்தது. ஆனால் அவனைவிட அனுபவம் மிக்க ஓட்டி ஒருவர் அவனுடைய வண்டியில் அமர்ந்து ஓட்டிக் காட்டியபோது, அதே வண்டி மூன்று விநாடி விரைவாகச் சென்றதாம். குறை புஷ்ஷில் இல்லை என்று அவனே எழுதியிருந்தான்.

அதே சங்கம் சக்கரத்தோடு சக்கரம் உரசி ஓடும் பந்தயங்களையும் நடத்துகிறது. அங்கே ‘இம்ப்ரூவ்ட் டூரிங்’ என்றொரு பிரிவு உண்டு. அதன் விதியில் புஷ் செய்யும் பொருளுக்குக் கட்டுப்பாடு இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டார்கள். ரப்பருக்குப் பதில் கடினமான பிளாஸ்டிக் வைத்துக்கொள்ளட்டும் என்ற எண்ணத்தில் எழுதியிருக்கலாம். படித்தவர்களில் சிலர், எஃகும் ஒரு பொருள்தானே என்று சொல்லி, கிண்ணமும் குண்டுமான எஃகு பேரிங்கைப் பொருத்தினார்கள். பொருளைத்தானே விட்டார்கள், வகையை விடவில்லையே என்றனர் மற்றவர்கள். விவாதம் பல்லாண்டுகள் நீடித்தது. எழுத்தைக் கூர்ந்து பார்த்தால் முதல் கட்சியின் வாதம் வலுவற்றதன்று என்பது என் அபிப்பிராயம். ஆனால் ஒருவர் பொருத்திய பிறகு, பின்தங்க விரும்பாத ஒவ்வொருவரும் பொருத்த வேண்டியதாயிற்று. ‘ஸோலோ’ விதியில் உலோகத்தின் அளவையும் புஷ்ஷின் வகையையும் தனித்தனியே குறித்திருப்பதன் அருமை இதைப் பார்க்கும்போதுதான் விளங்குகிறது. இரண்டு வாக்கியங்கள் கூடுதலாக எழுதியதால் எத்தனை பேருடைய பணம் மிஞ்சியதோ!

அதே ‘இம்ப்ரூவ்ட் டூரிங்’ விதியில் மற்றொன்று பாராட்டத்தக்கது. சக்கரத்தின் கோணத்தைத் திருத்த மேல்தாங்கியில் நீள்துளைத் தகடு வைக்கலாம் என்று அனுமதித்தவர்கள், அத்தகடு வண்டிச் சட்டத்துக்கு வலுவூட்டும் பலகையாகிவிடக் கூடாது என்றும் சேர்த்து எழுதினார்கள். அனுமதிக்கப்பட்ட பொருள் அனுமதிக்கப்படாத வேலையைச் செய்யலாகாது என்பது அச்சங்கத்தின் பொதுக் கொள்கை. டிக்கெட் வாங்கியவர் இருக்கையில் அமரலாம்; அதே டிக்கெட்டைக் காட்டி இரண்டு மூட்டை வெங்காயத்தையும் அங்கே அமர்த்த முடியாது அல்லவா?

கூர்மையாகப் படிப்பவர்களைக் குறைகூறிவிட்டுப் போகவும் மனம் வரவில்லை. இங்கிலாந்தில் 1939-ல் தோன்றிய ‘750 மோட்டார் கிளப்’ என்னும் சங்கம், பழைய ஆஸ்டின் ஸெவன் வண்டிகளைக் கொண்டு சாமானியர்களுக்கான பந்தயம் நடத்தியது. அதில் ஓட்டிய இளைஞர்களுள் ஒருவர் காலின் சாப்மன். அவருடைய தந்தையார் லண்டன் ஹார்ன்ஸி பகுதியில் ‘ரெயில்வே ஹோட்டல்’ என்ற விடுதியை நடத்திவந்தார். அதன் பின்புறத்துக் குதிரை லாயமே சாப்மனுக்குப் பட்டறை. (பெயரளவிலேனும் ரெயில்வேக்கு இதில் பங்கு உண்டு என்பதில் எனக்கு மகிழ்ச்சி.) அந்த எஞ்சினில் இரண்டிரண்டு சிலிண்டருக்குப் பொதுவாக ஒரு காற்றுவழியே இருந்தது. சாப்மன் அவ்வழியின் நடுவே தடுப்பு வைத்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிவழி செய்துவிட்டார். விதி அதைத் தடுத்திருக்கவில்லை. 1951-ஆம் ஆண்டுப் பந்தயங்களில் அவருடைய லோட்டஸ் வண்டி மற்றவர்களை வெகுதூரம் பின்தள்ளியது. பிறகு விதி திருத்தப்பட்டு அவ்வழி அடைபட்டது. பிற்காலத்தில் உலகப் பந்தயங்களில் லோட்டஸ் பெற்ற பெருமைக்கு இத்தகைய வாசிப்பும் ஒரு வித்து. விதி எழுதுவோருக்கு அவரைப் போன்றவர் ஒருவர் எதிரே இல்லாவிட்டால் விதி கூர்மை பெறுவதும் இல்லை.

நம் நாட்டிலும் இதற்கு வரலாறு உண்டு. சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல் தோன்றிப் பல்லாண்டுகள் சோழவரத்துப் பழைய விமானத்தளத்தில் பந்தயம் நடத்தியது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் அதற்கென்று தனிப்பாதை அமைந்தது. சோழவரம் பந்தயத்துக்காக வண்டி கட்டிக்கொண்டு போன கதையை நம் சங்கத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்வதுண்டு. மாற்றத்துக்கு எல்லை வகுப்பதில் உள்ள தொல்லையைக் கோவை கரிவரதன் வேறு வழியில் தீர்க்க முயன்றார். மாருதி 800 காரின் எஞ்சினை வைத்து அவர் உருவாக்கிய ‘ஃபார்முலா மாருதி’ 1988-ல் ஓடத் தொடங்கியது. எல்லோருக்கும் ஒரே அச்சில் வார்த்த வண்டி. எஞ்சினும் ஒன்று, சட்டமும் ஒன்று. வேறு வேறு கம்பெனி வண்டிகளை ஒப்பிட்டுப் பிரிவு பிரிக்கும் வேலையே அதில் இல்லை. 1995-ல் அவர் விமான விபத்தில் மறைந்தார். செட்டிபாளையத்துப் பந்தயப் பாதை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. நம் பிள்ளைகள் இவ்விளையாட்டில் குறைந்த செலவில் நுழைய அவர் திறந்த கதவு பெரிது.

இவ்வூரிலும் இளைஞர்கள் சிலர் பழைய காரை வாங்கி, முதல் வேலையாக ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்துகிறார்கள். பந்தயத்துக்காக என்கிறார்கள், எந்தப் பந்தயம், எந்தப் பிரிவு என்றால் மறுமொழி இல்லை. பொதுச் சாலையில் ஓடும் வண்டிக்கு வேறொரு விதியும் உண்டு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றுக்கு மாறுபடும்படி வண்டியைத் திருத்தலாகாது என்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்திற்று. வீட்டில் அப்படியொரு பையன் இருந்தால் அவனைத் தடுக்க வேண்டாம். எதில் கலந்துகொள்ளப் போகிறானோ அந்தப் பந்தயத்தின் அவ்வாண்டு விதிப்புத்தகத்தை முதலில் வரவழைத்துப் படிக்கச் சொல்லுங்கள். பழைய ஆண்டுப் புத்தகம் உதவாது. கழற்றிய ஸ்பிரிங், புஷ், தண்டு ஆகியவற்றைக் காயலான் கடைக்குப் போடாமல் சாக்கில் கட்டிப் பரணில் வைத்துவிடுங்கள். அடுத்த பிரிவுக்கு மாறும்போதும், வண்டியை விற்கும்போதும் அவைதான் தேடப்படும்.